பாதிப் பொருத்தம்

சென்னை விமான நிலையத்துக்கு வெளியே என்னைப் பார்த்ததும் கலா அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஃபிளைட்ல தும்மினியா?"

இல்லை என்றேன். இரண்டு முறை தும்மியிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் பூசியிருந்த அத்தர் அப்படி. உண்மையைச் சொன்னால் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் போலிருந்தது. பாதி முகத்தை முகக்கவசம் மறைத்திருந்தது. மீதியில் தெரிந்த கண்கள் பல நாளாகச் சரியாக மூடாதவை. எனக்கும் ஒரு முகக்கவசத்தை நீட்டிவிட்டு இரண்டடி தள்ளியே நடந்தாள். அவளிடமிருந்து எனக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாதாம்.

"திரும்பிப் போற வரைக்கும் நீ கண்ணாடிப் பாத்திரம்டா குணா. வெளில சுத்தாத. கண்டதைத் திங்காத. இருமறவன் பக்கத்துல நிக்காத."

இதை ஒரு பேருந்து ஓட்டுநரிடம் சொல்கிறாள். ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த், பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ என்று மலேசிய நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருப்பவன் நான். விடுமுறை நாளில் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட என் கால் பிரேக்கைத் தேடுகிறது என்று மாலா, என் மனைவி, கேலி செய்வாள்.

அக்கா கல்யாணம் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தவள். அத்தான் கொரோனா காலத்தில் போய்விட்டார். ஒரே மகள் தர்ஷினி. வயது பத்தொன்பது, கல்லூரியில் படிக்கிறாள். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று பல் மருத்துவரிடம் போனவளை அவர் வேறு இடத்துக்கு அனுப்பினார். அங்கே ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்தில் அடங்கிய நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. மறுபடி அடக்கியிருக்கிறார்கள். இந்த முறை அது தலை தூக்குவதற்குள் வேறு ஒருவரின் மஜ்ஜை அணுக்களை அவளுக்குள் ஏற்றியாக வேண்டும்.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்கிறார்கள். கூடப்பிறந்தவர் இருந்தால் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு யாரும் இல்லை. பிறகு, கொடுக்கச் சம்மதித்துப் பெயர் பதிந்திருக்கும் அந்நியர்களிடையே தேடுவார்கள். நம் மக்களுக்குப் பெரும்பாலும் நம் மக்களிடம்தான் பொருந்துமாம். நம் மக்களோ பெயர் பதிவதில்லை. அப்படியும் ஒருவர் கிடைத்தார். ஓர் இளைஞர் என்பதைத் தவிர வேறெதையும் அக்காவிடம் சொல்லவில்லை. அன்று அக்கா ஈப்போவுக்குத் தொலைபேசியில் அழைத்து அழுத அழுகையை நல்ல சேதி என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாள் குறிக்கும் நேரத்தில் அந்த இளைஞர் பின்வாங்கிவிட்டார். வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம்.

அக்காவுக்குச் சர்க்கரை, இதயத்தில் அடைப்பு நீக்கிய உடம்பு. அவளிடமிருந்து எடுக்க டாக்டர்கள் தயங்கினார்கள். மிச்சம் இருந்தவன் தாய்மாமன். ஈப்போவில் என் ரத்தத்தைச் சோதித்து, பாதிப் பொருத்தம் என்றார்கள். பாதி இருந்தாலும் இப்போதெல்லாம் செய்கிறார்களாம். மேலாளரிடம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

*

அடையாறு பக்கத்தில் மருத்துவமனை. முதல் நாள் முழுக்க என்னைத் தட்டிப் பார்த்தார்கள். ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி. கடைசியில் ஒரு பெண் டாக்டர், அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"எல்லாம் நல்லா இருக்கு. நாளைக்கு அவளுக்குப் பெரிய மருந்து ஆரம்பிப்போம். அது அவளோட மஜ்ஜையைச் சுத்தமா அழிச்சிடும். ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நீங்க மனசு மாறினா, அவளுக்கு வேற வழி கிடையாது. இப்ப வேண்டாம்னு சொன்னீங்கன்னா, காரணத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்கு விமானத்துலயே நேரம் இருந்துச்சு டாக்டர்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். சரி என்று ஒழுங்காகச் சொன்னேன்.

தர்ஷினியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க முடிந்தது. சுவரில் ஒரு தொலைபேசி. எடுத்தால் உள்ளே அவளுக்குக் கேட்கும். தலையில் முடி இல்லை, புருவம்கூட இல்லை. வீடியோவில் பார்த்துப் பழகியிருந்தும் நேரில் பார்த்ததும் தொலைபேசியைத் தலைகீழாக எடுத்துக் காதில் வைத்தேன். அவளே பேசினாள்.

"என்ன மாமா, மீசைய எடுத்துட்டீங்களா?"

முகக்கவசத்தை இறக்கிக் காட்டினேன். பின்னால் நின்ற அக்கா அதட்டினாள். ஏற்றிக்கொண்டேன்.

"ஈப்போ கோயில்ல எனக்குக் காது குத்தறப்ப உங்க மடியிலதான உக்காந்திருந்தேன்? உங்க கையக் கடிச்சேனாமே?"

"ரத்தம் வந்துச்சு."

"அப்பவே டேஸ்ட் பாத்துட்டேன் போல," என்றாள். பிறகு, கொஞ்சம் தணிந்து, "மாமா, அந்த ஆள் மாதிரி போயிட மாட்டீங்கல்ல?"

நான் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். சினிமாத்தனம்தான். ஆனால் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. "தொடாதீங்க சார், இப்பதான் தொடச்சேன்," என்றார் துப்புரவுப் பணியாளர்.

*

அக்கா பகலெல்லாம் மருத்துவமனையில். நான் கோட்டூர்புரத்தில், குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக. மேசைமேல் மூடி வைத்த சாதம், குழம்பு, ஒரு பொரியல், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியைப் போட்டேன், நிறுத்தினேன். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று கை துடித்தது. பதினொரு மணிக்கு மேல் தாங்கவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாலத்தின்மேல் நின்று அடையாற்றைப் பார்த்தேன். எங்கள் கிந்தா ஆறும் ஒன்றும் பளிங்கு அல்ல, ஆனால் ஓடும். இது யோசித்துக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். பெயர்தான் பறக்கும் ரயில். தூண்களின்மேல், வீடுகளின் மொட்டை மாடிகளை எட்டிப் பார்த்தபடி, அது பாட்டுக்குப் போகிறது. அந்த நேரத்தில் பெட்டியில் ஆறேழு பேர்தான். இருமுகிறவர் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கதவோரம் நின்றேன்.

மயிலாப்பூரில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. இட்லி ஆவி பறக்க வந்தது. சூடாக இருப்பதில் கிருமி இருக்காது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஈப்போவில் இட்லி என்றால் கெட்டியாக, நம்பிக்கையாக இருக்கும். இது விரல் பட்டாலே விட்டுக்கொடுத்தது. மிளகாய்ப்பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தின்றேன்.

"ஒரு கோப்பி, சீனி குறைச்சு," என்றேன்.

பரிமாறியவர் நின்றார். "சிலோனா சார்?"

"மலேசியா."

"அதான பாத்தேன். பேச்சு இழுக்குதே," என்றார். வந்த நாளிலிருந்து என்னைச் சந்தித்த எல்லோருக்கும் நான் சிலோன்காரன்தான். டம்ளரில் வந்த காப்பி எங்கள் ஊர் வெள்ளைக் கோப்பியைவிடக் கசப்பு. இன்னொன்று கேட்டேன்.

வீடு திரும்பி, மூடி வைத்த சாதத்தையும் சாப்பிட்டேன். இல்லையென்றால் மாட்டிக்கொள்வேன்.

*

பிறகு ஊசி தொடங்கியது. தினமும் ஒரே நேரத்தில், வயிற்றுத் தோலுக்குள் ஒன்று. மஜ்ஜைக்குள் இருக்கும் அணுக்களைப் பெருக்கி ரத்தத்துக்குள் தள்ளிவிடும் மருந்து என்று செவிலியர் சொன்னார். எலும்பைத் துளைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். ரத்தத்திலிருந்தே பிரித்து எடுத்துவிடுவார்களாம். "லேசா உடம்பு வலிக்கும் சார்," என்றார். செவிலியர்களின் 'லேசா' எவ்வளவு என்று மறுநாள் தெரிந்தது. பல்வலி இடுப்பில் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. உட்கார்ந்தால் வலி, படுத்தால் வலி. நடந்தால் மட்டும் கொஞ்சம் மறந்தது. எனவே நடப்பதற்கு இப்போது மருத்துவக் காரணமே கிடைத்துவிட்டது.

தர்ஷினிக்கு மார்பில் குழாய் வைத்திருந்ததால் முன்பக்கம் முழுக்கத் திறக்கும் பருத்தி உடைகள் வேண்டும் என்று அக்கா புலம்பியிருந்தாள். இருந்த இரண்டும் துவைத்துத் துவைத்துச் சாயம் போய்விட்டன. நான் வாங்கி வருகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. தி. நகர் பேருந்து என்று ஒன்றில் ஏறிவிட்டேன்.

பழக்க தோஷம், முன்னால் போய் ஓட்டுநர் பக்கத்தில் நின்றேன். இப்படிப்பட்ட சாலையில் ஒருவர் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவதை நான் பார்த்ததில்லை. வலப்பக்கம் பைக், இடப்பக்கம் பைக், நடுவில் ஒரு பசு. எங்கள் நெடுஞ்சாலையில் நான் ஒரு பயணத்தில் அடிக்கும் ஹாரனை அவர் ஒரு சிக்னலில் அடித்தார்.

"இன்னா சார், ரோட்ட வுட்டுட்டு என் காலையே பாத்துக்கினு வர?" என்றார்.

"நானும் பஸ் டிரைவர்தாண்ணே. மலேசியாவுல."

"அங்க ஸ்டீரிங் எந்தப் பக்கம்?"

"இதே பக்கம்தான்."

"அப்ப இன்னா, வந்து குந்து. நான் கொஞ்ச நேரம் படுக்கறேன்."

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்ததும், "எலும்புல ஓட்ட போட்டு எடுப்பாங்களா?" என்றார். இல்லை, ரத்தம் கொடுப்பது போலத்தான், கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான் என்றேன். "நம்பவே முடியல சார். எங்க ஏரியால ஒரு பையனுக்கு இந்த மேரிதான் வந்துச்சு. யாராச்சும் குடுங்கன்னு சொன்னாங்க. ஓட்ட போடுவாங்கன்னு பயந்துக்கினு ஒருத்தரும் போவல." அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பேச்சு சுவாரசியத்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதைவிட, அது தி. நகர் போகும் பேருந்தே இல்லை. கிண்டியில் இறக்கிவிட்டு, "அப்டியே மாம்பலம் டிரெயின புடி," என்றார்.

மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. மனிதர்கள் நடப்பதில்லை அங்கே. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு மிதக்கிறார்கள். கிருமி என்று ஒன்று இருந்தால் அதன் தலைநகரம் அதுதான். முகக்கவசத்துக்குமேல் கைக்குட்டையையும் அழுத்திக்கொண்டேன். இடுப்பு எலும்பு ஒவ்வொரு இடிக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னது. மூன்று பருத்தி உடைகளை, பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன்.

அன்று மாலை பையைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. "டி. நகர் போனியா?"

"கூட்டம் இல்லாத நேரம்க்கா."

"ரங்கநாதன் தெருவுல கூட்டம் இல்லாத நேரமா? எந்த யுகத்துலடா?" என்றாள். ஆனால் ஓர் உடையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்ல துணி," என்று சொல்லிவிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போட எடுத்துப் போனாள்.

*

அடுத்த நாள் என்னை வெளியே போகச் சொன்னது தர்ஷினியே. கண்ணாடித் தொலைபேசியில் அவள் குரல் மாறியிருந்தது. மருந்து வாய்க்குள்ளேயும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது, நாக்கெல்லாம் புண். வார்த்தைகளை ஓரமாக உருட்டிப் பேசினாள்.

"மாமா, என் ஃபிரெண்ட்ஸ் மயிலாப்பூர்ல டேபிள் போட்டிருக்காங்க. டோனர் ரிஜிஸ்டர் பண்றதுக்கு. நீங்க சும்மா போய் நில்லுங்க. குடுக்கற ஆள் எப்படி இருப்பாருன்னு யாரும் பாத்ததில்ல."

"உனக்குத்தான் நான் இருக்கேனே?"

"எனக்கு இல்ல மாமா. பக்கத்து ரூம் பையனுக்கு யாருமே கிடைக்கல."

தெப்பக்குளத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் வாசலில் மேசை. வெயிலில் நாலைந்து மாணவர்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சு வைத்த குச்சியால் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஸ்வாதி என்ற பெண் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். என்னால் உட்கார முடியவில்லை, நின்றேன். "இவர்தான் தர்ஷினியோட மாமா. இவர்தான் குடுக்கப்போறார்," என்று போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் கண்காட்சிப் பொருள் ஆனேன். சிலர் படம் எடுத்தார்கள். ஒருவர் என் கையைக் குலுக்கிவிட்டு, குச்சியைத் தொடாமல் போனார்.

ஒரு பையன் குச்சியைக் கையில் எடுத்துவிட்டான். பின்னாலேயே பூக்கடையிலிருந்து அவன் அம்மா வந்தார்.

"என்னடா இது? ஆத்துல அப்பாட்ட ஒரு வார்த்தை கேக்காம? வெச்சுட்டு வா."

"எனக்குப் பத்தொன்பது வயசு ஆறதும்மா."

"வயசு ஆனா?" என்றவர், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். "வலிக்கறதா உங்களுக்கு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "வலிக்குதும்மா. ஊசி நிறுத்தினா போயிரும்னாங்க."

"பாத்தியா," என்றார் மகனிடம். பிறகு என்னிடம், "நீங்க அக்கா பொண்ணுக்குக் குடுக்கறேள். அது வேற. இவன் யாரோ முகம் தெரியாதவாளுக்குன்னா குடுக்கணும்?"

நான் மேசைப் பக்கம் திரும்பினேன். ஸ்வாதிதான் சொன்னாள். "ஆன்ட்டி, தர்ஷினிக்கும் முகம் தெரியாத ஒருத்தர் மேட்ச் ஆனார். அவர் வீட்லயும் இதத்தான் சொன்னாங்க. கடைசி நேரத்துல வரல. அவ அன்னிக்கு ஒரு நாள் முழுக்க யார்கூடவும் பேசல."

அந்த அம்மா பூப்பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "குழந்தை பேரு என்ன சொன்னேள்?" என்று கேட்டார். தர்ஷினி என்றாள் ஸ்வாதி. "கபாலியாண்ட சொல்லிண்டு போறேன்," என்று மகனை அழைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் கிளம்பும்வரை அவர்கள் வரவில்லை. அதன்பிறகு வந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

*

சொல் கேட்காமல் சுற்றிய நாட்களில் என்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. சொல் கேட்டு வீட்டிலேயே கிடந்து, நேராக மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்றுதான் விழுந்தேன்.

கடைசி ஊசி அன்று. அழைத்த கார் அடையாறை நெருங்கும்போது மெட்ரோ பணிக்காக அடைத்திருந்த தகரங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. முன்னால் ஒரு சிமென்ட் லாரி, அதற்கு முன்னால் என்னவென்றே தெரியவில்லை. ஊசி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்கி, ஒரு பைக் டாக்சியைப் பிடித்தேன். ஓட்டியவர் பெயர் தேவா; நாற்பது வயது இருக்கும். "குந்து சார், பத்து நிமிஷம்," என்றார். மழை தூறத் தொடங்கியிருந்தது. தோண்டிய பள்ளத்தின்மேல் போட்டிருந்த இரும்புத் தகட்டில் சக்கரம் ஏறியது எனக்குத் தெரியும். சறுக்கும் என்பதும் ஓட்டுநர் புத்திக்கு அதற்கு ஒரு நொடி முன்பே தெரிந்துவிட்டது. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அடுத்து நான் சாலையில் கிடந்தேன்.

"சார்! அடி பட்டுச்சா சார்? கைய ஆட்டு. ஆட்டு சார்!"

வலது முழங்கையிலிருந்து ரத்தம். ஆட்டினேன். ஆடியது. அந்த நேரத்தில் எனக்கு என் கை ஞாபகமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்தான் ஞாபகம். "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று உளறினேன். "இந்தச் சின்னக் காயத்துக்கா?" என்றார் தேவா. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அய்யய்யோ, சொல்லியிருந்தா உருட்டிக்கினே போயிருப்பனே சார்!"

பைக்கை அப்படியே தகரத்தில் சாய்த்துவிட்டு, நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். எதிரே வந்தவர்களையெல்லாம் "வழி வுடு, வழி வுடு, ஒரு உசுரு காத்துக்கினு கீது" என்று கத்தினார். நான் சாகக் கிடக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கினார்கள். மருத்துவமனை வாசலில் என்னை ஒரு செவிலியரிடம் ஒப்படைத்தவர், தன் முட்டியும் கிழிந்திருப்பதை அங்கேதான் கவனித்தார்.

அக்கா ஓடி வந்தாள். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"அவ உள்ள வெறும் கூடாக் கிடக்கறாடா," என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ உடம்புல ஒண்ணுமே இல்ல இப்ப. உன்னை நம்பித்தான எல்லாத்தையும் அழிச்சாங்க? நீ ரோட்ல உருண்டு வர்றியேடா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடுப்பு வலியில் உட்கார்ந்தது எப்படி என்று தெரியவில்லை. சிறுவயதில் அப்பா அடித்தால் நாங்கள் இருவரும் இப்படித்தான் சுவரோரம் உட்காருவோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் முந்தானையால் என் முழங்கையைத் துடைக்க வந்தாள். "சுத்தமான பஞ்சு இருக்கும்மா, அதெல்லாம் வைக்காதீங்க," என்று செவிலியர் தடுத்தார்.

எலும்பு முறியவில்லை. காய்ச்சல் வராமல் இருந்தால் திட்டப்படி எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு கையில் எடுத்து மறு கையில் திருப்பிச் செலுத்த வேண்டும், வலது கை வீங்கிவிட்டதால் அந்த நரம்பு உதவாது. கழுத்தில் ஒரு குழாய் வைக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்றார். கழுத்தைக் காட்டினேன்.

*

மறுநாள் காலை என்னை ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அசையக் கூடாது. வாழ்க்கையில் யாரும் எனக்கு விதித்த கடினமான தண்டனை அதுதான். கழுத்துக் குழாய் வழியாக ரத்தம் வெளியே போனது, சுற்றியது, வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீண்டும் எனக்குள் வந்தது. உதடு மரத்துப்போய் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அது சகஜம் என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீருக்கும் படுத்தபடியே. ஈப்போவிலிருந்து புறப்பட்டு எத்தனை ஊர் கடந்திருப்பேன் என்று மனதுக்குள் வண்டி ஓட்டினேன். கோலகங்சார், தைப்பிங், பாரிட் புந்தார். பட்டர்வொர்த் போய்த் திரும்பியும் இயந்திரம் நிற்கவில்லை.

மேலே தொங்கிய பையில் சேர்ந்தது சிவப்பாக இல்லை. பப்பாளிப் பழத்தை ரத்தத்தில் கரைத்தது போன்ற நிறம். உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கிவிடும் அளவு. இதற்காகவா இவ்வளவு என்று தோன்றியது. அணுக்களை எண்ணிப் பார்க்கப் பையை எடுத்துப் போனார்கள். போதவில்லை என்றால் நாளையும் படுக்க வேண்டும். நானும் அக்காவும் ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். செவிலியர் திரும்பி வந்து கட்டைவிரலைக் காட்டியபோது அக்கா அதைப் புரிந்துகொள்ளாமல், "என்னம்மா? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று பிற்பகலே ஏற்றினார்கள். தீபாவளி மாதிரி ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். கம்பியில் பையை மாட்டி, குழாயைச் செருகி, வேகத்தைச் சரிசெய்தார்கள். அவ்வளவுதான். தர்ஷினி அரைத் தூக்கத்தில் இருந்தாள். வாய்ப்புண்ணால் பேச முடியவில்லை. நான் வாங்கிய உடைகளில் ஒன்றைப் போட்டிருந்தாள். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அளவு தவறவில்லை, ஒரே வாரத்தில் அவள்தான் சிறுத்துவிட்டாள். ஒரு முறை கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாள், பிறகு என்னைத் தேடினாள். கண்ணாடியில் கை வைக்கவில்லை நான். தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். பக்கத்தில் அக்கா கைகூப்பி நின்றிருந்தாள். என் உடம்பிலிருந்து எடுத்ததை அவள் கும்பிடுவதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

*

இதற்குப் பிறகு நடப்பது யார் கையிலும் இல்லை என்றார் டாக்டர். அணுக்கள் எலும்புக்குள் போய் இடம் பிடித்து முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முளைக்காமலும் போகலாம். அதுவரை சின்னக் காய்ச்சல்கூட அவளுக்கு ஆபத்து. என் விடுப்பு முடிந்திருந்தது. அங்கேயே இருந்தாலும் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதுதான் போகும்போது அதிகம் உறுத்தியது. விமானத்தில் இடுப்பு வலி இல்லை. அது போனதில் ஏனோ சந்தோஷமும் இல்லை.

மறுபடி பேருந்து. வண்டி ஓட்டும்போது தொலைபேசி தொடக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி, நானும் தொடமாட்டேன். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். அக்கா எண்களை அனுப்புவாள். வெள்ளணு எண்ணிக்கை, தட்டணு எண்ணிக்கை. முதலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருந்தாள், அன்று பட்டர்வொர்த்தில் இறங்கிய பயணி ஒருவர், "டிரைவர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மாலா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைக் காவல் காத்தாள். பிறகு எண்கள் மெல்ல அசையத் தொடங்கின. அக்கா எதையும் நம்பவில்லை. "இன்னும் சொல்லாத, யார்கிட்டயும் சொல்லாத," என்றே எழுதினாள்.

தைப்பிங் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது அழைப்பு வந்தது. பயணிகள் கழிப்பறைக்கும் கடைக்குமாகக் கலைந்திருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து எடுத்தேன்.

"பிடிச்சுடுச்சாம்டா," என்றாள் அக்கா. "டாக்டரம்மா இப்பதான் சொல்லிட்டுப் போறாங்க. இன்னும் நிறைய நாள் பாக்கணுமாம். உன்னோடது அவ உடம்போட சண்டை போடுமாம், தோல் பூரா சிவந்திருக்கு, அதுக்கு மருந்து குடுக்கறாங்க. ஒரு வருஷம் போனாத்தான் மூச்சு விடலாமாம். ஆனா பிடிச்சுடுச்சுடா குணா. இரு, அவ பேசணுங்கறா."

தொலைபேசி கை மாறும் சத்தம். மூச்சு மட்டும் கேட்டது. வாய் திறந்து அவள் பேசி எத்தனை நாள் ஆகிவிட்டது. புண் ஆறிக்கொண்டிருக்கும் நாக்கை எங்கே வைப்பது என்று தேடுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"மாமா."

"சொல்லும்மா."

"பசிக்குது மாமா."

நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அம்மா ரசஞ்சோறு கரைச்சுக் குடுத்தாங்க," என்றாள் தர்ஷினி. "போதல."